கை சுத்தம்

"அந்த ஆளை இன்னிக்கே அனுப்பிடுங்க மேடம். அவர் கை பட்ட சோற்றை இனிமே நாங்க தொட மாட்டோம்," என்றார் சார்ஜென்ட்.

பின்னால் நின்ற சிப்பாய்கள் தலையாட்டினார்கள்.

முகாம் டாக்டர் தெர்மாமீட்டரைத் துடைத்து வைத்தார். எல்லைக் காவலுக்காக மலையடிவாரத்தில் கூடாரம் போட்டிருந்த படை அது. எதிரி வருவதற்குள் டைஃபாய்டு வந்துவிட்டது. ஒவ்வொருவராய்ச் சாய்ந்துகொண்டிருந்தார்கள். ஒருவனை ஹெலிகாப்டரில் ஏற்றி அனுப்ப வேண்டியிருந்தது. திரும்பி வருவானா என்று தெரியவில்லை.

பழி சமையல்காரர் மேல் விழுந்தது. விழ வசதியான ஆள்தான். சரியான சிடுமூஞ்சி. இன்னொரு கரண்டி கேட்டால் முறைப்பார். ஆறிப்போச்சு என்றால், "சீக்கிரம் வந்திருக்கணும்" என்பார்.

"அவருக்குச் சோதனை பண்ணியாச்சு. கிருமி இல்லை," என்றார் டாக்டர்.

"அப்போ தண்ணியா?"

"தண்ணி, பால், பாத்திரம் கழுவற இடம், எல்லாம் பார்த்தாச்சு."

"பின்னே எங்கேருந்துதான் வருது?"

"அதுதான் எனக்கும் புரியலை."

சார்ஜென்ட் நம்பவில்லை. மறுநாள் பாதிப் பேர் தட்டையே எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் டாக்டர் சமையல்காரரை வேலையிலிருந்து நிறுத்தி, மருத்துவக் கூடாரத்தை ஒட்டிய தடுப்பில் தங்க வைத்தார்.

"கிருமி இல்லைன்னும் சொல்றீங்க, அடைச்சும் வைக்கறீங்க. என்னதான் கணக்கு டாக்டரம்மா?"

"அவங்க சாப்பிடணும் அண்ணே. அதுக்காகத்தான்."

"நோய் பரப்பினவன்னு பேரு வந்துட்டா, அப்புறம் எந்த அடுப்படியிலயும் என்னைச் சேர்க்க மாட்டாங்க."

டாக்டர் தடுப்புத் துணியை இழுத்து மூடிவிட்டு வந்துவிட்டார்.

சமையலுக்கு வேறு ஆள் வந்தார். முகாம் சமாதானமானது. சில வாரங்கள் ஓடின.

காய்ச்சல் மட்டும் நிற்கவில்லை.

டாக்டருக்குத் தலை சுற்றியது. புதிதாய்ப் படுத்தவர்கள் எல்லோருமே மேட்டுச் சாவடியில் காவல் நின்றவர்கள். அவர்களுக்கும் இங்கிருந்து போகிற அதே சோறுதான், அதே தண்ணீர்தான். கீழே இருப்பவர்கள் கல்லுக்குண்டாய்த் திரிய, மேலே நிற்பவனுக்கு மட்டும் எப்படி வருகிறது?

காய்ச்சலில் கிடந்த ஒரு சிப்பாயின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சாவடியில வேற என்ன தம்பி சாப்பிடுவீங்க? காட்டுப் பழம், ஓடைத் தண்ணி, ஏதாவது?"

"ஒண்ணும் கிடையாது மேடம். மேஜர் சார் பார்க்க வந்தா ஆரஞ்சு கொண்டுவருவார். எங்க கையில துப்பாக்கி இருக்கும்ல? அவரே உரிச்சு, சுளை சுளையா எங்க வாயில போடுவார்." அவன் கண் கலங்கியது. "எங்கப்பாகூட எனக்கு அப்படி ஊட்டினதில்லை."

டாக்டர் எழுந்து, படைக்குத் தலைவரான மேஜரிடம் நேரே போனார்.

"எனக்கா சோதனை?" மேஜர் சிரித்தார். "நான் தலைவலின்னுகூடப் படுத்ததில்லையே டாக்டர்."

"சின்ன வயசுல?"

"பள்ளிக்கூடத்துல படிக்கும்போது ஒரு காய்ச்சல். பிழைக்க மாட்டேன்னு அம்மா அழுதாங்களாம். ஏன் கேக்கறீங்க?"

சோதனை முடிவு வந்த சாயங்காலம், டாக்டர் அவரை மருத்துவக் கூடாரத்துக்கு வரச் சொன்னார்.

"அந்தக் காய்ச்சல் போயிடுச்சு சார். கிருமி போகலை. பித்தப்பையில தங்கிடுச்சு. உங்களை ஒண்ணும் செய்யாது. மலத்தோட வெளிய வந்து, உங்க கை வழியா அடுத்தவங்களுக்குப் போகும்."

மேஜர் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் சோப்பு போட்டுத்தான..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "பசங்க பாவம்னுதானே டாக்டர் கொடுத்தேன்? இதை நான் எப்படி எடுத்துக்கறது?"

"மருந்து இருக்கு சார். நாளாகும். அதுவரைக்கும் யாருக்கும் உங்க கையால எதுவும் கொடுக்காதீங்க."

அவர் தலையாட்டினார். எதற்கு ஆட்டுகிறோம் என்று தெரிந்து ஆட்டியதுபோல் இல்லை. கூடாரத்தில் விளக்கு ஏற்றிய பிறகு, "எல்லாரையும் கூப்பிடச் சொல்றேன். நானே சொல்லிடறேன்," என்றார்.

இருவரும் மைதானத்துக்கு வந்தபோது ஆட்கள் ஏற்கெனவே கூடியிருந்தார்கள். நடுவில் சமையல்காரர், தோளில் பையோடு.

சார்ஜென்ட் ஓடிவந்து சல்யூட் அடித்தார். "ஒத்துக்கிட்டார் சார். எல்லாம் என்னாலதான், கிருமி என்கிட்டதான் இருக்கு, டாக்டரம்மா பாவம் பார்த்து மறைச்சுட்டாங்கன்னு அவர் வாயாலயே சொல்லிட்டார். லாரி ரெடி."

மேஜருக்கு ஒன்றும் விளங்கவில்லை. டாக்டரைப் பார்த்தார். டாக்டருக்கும் விளங்கவில்லை. இல்லாத கிருமியை எதற்கு இருக்கிறது என்கிறார்? பிறகுதான் உறைத்தது. மருத்துவக் கூடாரத்துக்கும் அவர் தங்கியிருந்த தடுப்புக்கும் நடுவே இருப்பது ஒரு துணிதான். பேசியது அத்தனையும் அவர் காதில் விழுந்திருக்கிறது.

"பேசாம இருங்க சார்," என்று சமையல்காரர் பல்லைக் கடித்தபடி முணுமுணுத்தார்.

மேஜர் பேசினார். பள்ளிக்கூடத்துக் காய்ச்சல், கிருமி, ஆரஞ்சு, ஒன்றையும் விடவில்லை. "இவர் சொன்னது பொய். உங்களைப் படுக்க வெச்சது நான்," என்று முடித்தார்.

யார் முகத்தைப் பார்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. பின்வரிசையில் ஒருவன் தன்னை அறியாமல் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டான்.

சார்ஜென்ட்தான் மெதுவாகச் சமையல்காரரிடம் போனார். குரல் இறங்கியிருந்தது.

"ஏன் அண்ணே பொய் சொன்னீங்க?"

சமையல்காரர் அவரை முறைத்தார்.

"சோறு போட எவன் வேணா வருவான். மேட்டுல குண்டு விழும்போது, 'என் பின்னால வாங்க'ன்னு இவர் கையைக் காட்டுவாரே, அந்தக் கையைப் பார்த்து நீங்க ஒரு நொடி தயங்கிட்டா, எத்தனை பேரை ஹெலிகாப்டர்ல ஏத்தறது?"