ஞாயிறு மாலை ஆறு மணி வரை

“இன்னும் ரெண்டு நாள் நீட்டிச்சிடலாமா, கஸ்தூரிம்மா?”

கண்ணாயிரம் இதைக் கேட்பது மூன்றாவது தடவை. வேங்கிக்காலில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் அவர் நடத்தும் திருமணத் தகவல் மையத்தில், இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையை அவர் பார்த்ததே இல்லை. காலையிலிருந்து பத்தொன்பது பதிவுகள்.

“வேணாம் சார். ஆறு மணின்னு சொன்னா ஆறு மணிதான்” என்றாள் கஸ்தூரி, கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விசாரித்துவிட்டுப் பதிவு செய்யாமலே போனவர்கள் நானூறு பேரின் ஈமெயில் முகவரி மையத்தில் இருந்தது. அவர்களுக்கு மூன்று நாள் மட்டும் பாதிக் கட்டணம் என்று வெள்ளிக்கிழமை முதல் மெயில் போனது. அதை எழுதியவர் கண்ணாயிரம். ‘அதிரடித் தள்ளுபடி! முந்துங்கள்!’

வந்தது ஒரே ஒரு பதில். ‘பட்டுப்புடவையும் உண்டா?’

சனிக்கிழமை கஸ்தூரி தானே உட்கார்ந்து வேறொன்று எழுதினாள். சரியாகப் போகிறதா என்று தனக்கு ஒன்று அனுப்பிப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் அனுப்பினாள்.

‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்? ஞாயிறு மாலை ஆறு மணி வரை பாதிக் கட்டணம். அதற்குமேல் கட்டணம் மட்டுமல்ல, வயதும் ஏறும்.’

“திட்டுற மாதிரி இருக்கேம்மா” என்று பயந்தார் கண்ணாயிரம். இப்போது அந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்.

“நல்லா ஓடுறப்ப எதுக்கும்மா நிறுத்தணும்?” என்றார் விடாமல்.

“நீட்டிச்சா, நேரம் இருக்கேன்னு மறுபடியும் தள்ளிப்போடுவாங்க சார். இவங்களுக்கெல்லாம் ஆசை இல்லாம இல்ல. கதவு சாத்தப் போறாங்கன்னு தெரிஞ்சாதான் உள்ள வருவாங்க.”

“எப்படிம்மா இவ்ளோ கரெக்டா புரிஞ்சு வச்சிருக்கீங்க?”

“ஏழு வருஷமா இதே நாற்காலியில உக்காந்திருக்கேன் இல்ல?”

கண்ணாயிரம் சிரித்தார். “உங்க பொண்ணு கவியா காலேஜ் முடிக்கட்டும். அப்பா இல்லாத புள்ள, என் செலவுல வரன் பாத்துத் தர்றேன்.”

“அவளா? உங்க மையத்தையே வாணாம்னுவா” என்று கஸ்தூரியும் சிரித்தாள்.

ஆபீஸ் போன் அடித்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து மணிவேல் என்பவர். பாத்திரக்கடை வைத்திருக்கிறார். வயது நாற்பத்தெட்டு. மனைவி இறந்து ஆறு வருஷம்.

“மெயில் பாத்தேம்மா. பதிவு பண்ணலாம்னுதான் இருக்குது. ஆனா பையன் பிளஸ் டூ படிக்கிறான். ஊர்ல சிரிப்பாங்களோன்னு...”

“சிரிக்கிறவங்க உங்களுக்கு ஜுரம் வந்தா கஞ்சி வச்சுத் தருவாங்களாங்க?”

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தை நகர்த்தும் சத்தம் கேட்டது.

“பையன்கிட்ட கேட்டீங்களா?”

“எப்படிம்மா கேக்குறது? வெக்கமா இருக்காதா?”

“கேட்டுப் பாருங்க. நம்ம நினைக்கிற மாதிரி இல்ல இப்ப இருக்கிற பசங்க.”

“ஈஸியா சொல்லிட்டீங்க. தனியா இருந்து பாத்தாதாம்மா தெரியும்” என்றார் மணிவேல், கொஞ்சம் கோபமாகவே.

கஸ்தூரி ரிசீவரை மறு காதுக்கு மாற்றினாள். பிறகு, “ஆறு மணி வரைக்கும் இருக்குங்க” என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

“என்னம்மா, வந்த ஆளை விரட்டிட்டீங்க?” என்று பதறினார் கண்ணாயிரம்.

“வருவாரு சார்.”

வந்தார். ஐந்தேமுக்காலுக்கு மணிவேலின் பதிவு வந்தது. குறிப்பு எழுதும் இடத்தில், ‘பையன் சரி என்று சொல்லிவிட்டான்’ என்று எழுதியிருந்தார். கஸ்தூரி அந்த வரியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஜெயிச்சிட்டீங்க!” என்று எழுந்தார் கண்ணாயிரம். “இருங்க, சூடா பஜ்ஜி வாங்கியாறேன்.”

பௌர்ணமி. கிரிவலத்துக்கு வந்த கூட்டத்தில் பஜ்ஜிக் கடையில் நெருக்கித் தள்ளினார்கள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அவர் படியேறும்போது சட்டைப் பையிலிருந்த செல்போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தவர் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே வந்தார்.

“கஸ்தூரிம்மா! ஆறுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கறப்ப இன்னொண்ணு! லேடீஸ். மறுமணம். பேரை மறைச்சு வச்சிருக்காங்க, நம்பர் மட்டும் இருக்குது.”

“சரி சார். ஆறாயிடுச்சு. மூடிட்டேன்.” அவள் கம்ப்யூட்டரை அணைத்துக்கொண்டிருந்தாள்.

“இருங்கம்மா, அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசிடுங்க. கடைசி நிமிஷத்துல வர்றவங்க ராத்திரிக்குள்ள மனசு மாறிடுவாங்க, உடனே தைரியம் சொல்லணும்னு நீங்கதானே சொல்லுவீங்க?”

“நாளைக்குப் பேசிக்கலாம் சார்.”

“நாளைக்கா? நீங்களா இப்படிச் சொல்றீங்க?”

“தலை வலிக்குது சார்.”

பாவம், காலையிலிருந்து பேசிப் பேசிக் களைத்துவிட்டாள் என்று நினைத்தார் கண்ணாயிரம். “சரி, நீங்க பஜ்ஜி சாப்பிடுங்க. நானே பேசுறேன். என்ன சொல்லணும்? ‘நல்ல முடிவு எடுத்திருக்கீங்கம்மா, பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்.’ போதுமா?”

கஸ்தூரி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

ஆபீஸ் போனை இழுத்து வைத்துக்கொண்டு, செல்போனில் இருந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து அழுத்தினார். ரிசீவரைக் காதில் வைத்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

கஸ்தூரியின் கைப்பைக்குள் மணி அடித்தது.