கூப்பிட்டாலும் திறக்காதே

கடைசித் திருகாணி வரமாட்டேன் என்றது.

தரையில் மண்டியிட்டு, தையல் மிஷினின் சின்னத் திருப்புளியோடு அவள் மல்லுக்கட்டினாள். வீட்டிலிருந்த மற்ற தாழ்ப்பாள்கள் எல்லாம் காலையிலேயே கழன்று வாளிக்குள் கிடந்தன. மிச்சம் இது ஒன்றுதான். உள்ளறைக் கதவின் அடியில், முழங்கால் உயரத்தில் இருக்கும் குட்டித் தாழ்ப்பாள். செவ்வாய்க்கிழமை கதவைத் திறக்க எதிர்வீட்டுச் சென்னியப்பண்ணன் உதைத்த உதையில் பாதி பிய்ந்து தொங்கியது.

எந்தக் கதவிலும் தாழ்ப்பாள் இருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார்.

மகள் கோபிகா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வயது. சாகப் பார்த்து, பிழைத்து, நேற்றுத்தான் வீடு திரும்பியவள். ஊசி ஏற்றிய கையில் இன்னும் பிளாஸ்திரி.

நாலு நாளாகப் பேச்சில்லை.

அம்மா திருகாணியை மறுபடி அழுத்தித் திருகினாள். என்ன குறை வைத்தேன்? பனியன் கம்பெனியில் முதுகொடியத் தைத்துப் படிக்க வைக்கவில்லையா? அந்தக் குடிகாரப் புருசன் லாரியில் அடிபட்டுச் செத்து ஆறு வருசம் ஆகிறது. விட்டது சனி என்று அன்றைக்கே தலைமுழுகியாயிற்று. அதற்கப்புறம் இந்த வீட்டில் ஒரு தட்டு பறந்ததுண்டா? யாராவது யாரையாவது ஒரு சொல் சொன்னதுண்டா?

பிறகென்ன வந்தது இவளுக்கு?

கேட்டுத் துளைக்க வேண்டாம் என்றும் டாக்டரம்மா சொல்லியிருந்தார். மனசு கேட்டால்தானே.

"அன்னிக்கு எத்தன தடவ கூப்புட்டேன்," என்றாள், கதவைப் பார்த்தபடியே. "தொண்ட கிழியக் கத்துனனே கண்ணு. ஒருக்கா தொறந்திருக்கக் கூடாதா?"

கோபிகா நிமிர்ந்தாள்.

"நீதானம்மா சொன்ன. நீ கூப்புட்டாலும் தொறக்கக் கூடாதுன்னு."

ஆமாம். சொன்னாள்.

சந்தில் அவன் செருப்புச் சத்தம் கேட்டதுமே பிள்ளையை உள்ளறைக்குள் தள்ளுவாள். அப்போது அஞ்சு வயசு. மேல் தாழ்ப்பாள் எட்டாது. அதனால்தான் கீழே ஒரு குட்டித் தாழ்ப்பாள். கடையில் வாங்கிவந்து, இதே திருப்புளியால் அவளே முடுக்கினாள். போட்டுக்க கண்ணு, அம்மாவே கூப்புட்டாலும் தொறந்துராத.

ஏனென்றால் அவன் அவள் முடியைப் பிடித்து இழுத்துவந்து கதவுக்கு முன்னால் நிறுத்துவான். கூப்புடுடி என்பான். அவளும் கூப்பிடுவாள்.

பிள்ளை திறக்காது.

என் மகள் சொன்ன பேச்சைத் தட்டாதவள் என்று, அடி வாங்கிக்கொண்டே பெருமைப்பட்டாள் பாவி.

அவன் செத்த பிறகு, இனிமேல் திறக்கலாம் என்று பிள்ளையிடம் சொல்லத் தோன்றவேயில்லை. அதெல்லாம் மறந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை, கை எட்டும் உயரத்தில் மேல் தாழ்ப்பாள் இருந்தது. கோபிகா போட்டிருந்தது கீழ்த் தாழ்ப்பாளை.

பழையபடியே வெளியே நின்று அம்மா கூப்பிட்டாள். பின்னாலேயே ஓர் ஆம்பளைக் கால் கதவை உதைத்தது.

ஐயோ, என்றாள்.

திருகாணி கடைசியில் கையோடு வந்தது. தாழ்ப்பாளை வாளிக்குள் போட்டாள். எழுந்து அறைக்கு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். நிலைப்படியோரமாக, அந்த நாட்களில் விழுந்து கிடந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

"கண்ணு. அவன் இல்ல. நான் மட்டுந்தான் இருக்கறேன். இனிமே நான் கூப்புட்டாத் தொறக்கலாம், சாமி."

கதவு அசையவில்லை.

"கோபி."

ஒரு விரலால் தள்ளினால் போதும், திறந்துவிடும். கை தானாகக் கதவுக்குப் போயிற்று. இழுத்து மடியில் வைத்து, மற்றக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உள்ளே என்ன செய்கிறாளோ என்று காதைக் கதவோரம் வைத்துக் கேட்டாள்.

"கோபி."

கட்டில் முனகியது. கதவடி இடுக்கில் இரண்டு பாதங்கள் வந்து நின்றன. பிறகு பாதங்கள் மடங்கி, முழங்கால்கள் தரையில் பட்டன.

தாழ்ப்பாள் இருந்த இடத்தில், மரத்தை விரல்கள் தடவும் சத்தம் கேட்டது. தடவித் தடவித் தேடும் சத்தம்.

போடத் தேடுகிறாளா, திறக்கத் தேடுகிறாளா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அம்மாதான் கண்ணு," என்றாள்.