நூலகத்தை மூடியவர்கள்

வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்பதில் டங்கனுக்கு அது முதல் நாள். தொழிற்கட்சிக்காரன் என்று தெரிந்ததும் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஏழு வீடுகளில் கதவைச் சாத்திவிட்டார்கள். எட்டாவது வீட்டில் ஓர் அம்மாள் தோட்டக் கையுறையோடு வந்து நின்றாள்.

"மேடம், இந்தக் கவுன்சில் தேர்தல்ல..."

"இந்தக் கவுன்சிலா? நூலகத்தை மூடிட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போற பஸ்ஸை நிறுத்திட்டாங்க. இப்ப சர்ச் பக்கத்து ஓக் மரத்தை வெட்டிட்டு கார் நிறுத்த இடம் பண்ணப் போறாங்களாம்."

டங்கனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "எல்லாம் கன்சர்வேட்டிவ் கட்சி பண்ணின வேலை, மேடம்."

"எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமா நான் அந்தக் கட்சிதானே."

"இந்தத் தடவையும் அவங்களுக்கா போடுவீங்க?"

"பின்ன?"

"அவங்கதான் எதையும் விட்டுவைக்கலையே."

"கன்சர்வேட்டிவ்னா இருக்கறதைக் காப்பாத்துறவங்கன்னு அர்த்தம், தம்பி. அதை மறந்தது அவங்க. நான் ஏன் கட்சியை விட்டுப் போகணும்?"

"திரும்ப அதே கவுன்சிலரை ஜெயிக்க வச்சா எதுவும் மாறாது, மேடம்."

"அவர் நிக்கலை. போன மாசம் கட்சிக் கூட்டத்துலயே ஓட்டெடுத்து அவரைக் கழிச்சுட்டோம்."

"அப்ப யார் நிக்கிறா?"

அம்மாள் கையுறையைக் கழற்றிவிட்டு, உள்ளேயிருந்து தன் கட்சியின் நீல நிறத் தேர்தல் துண்டறிக்கை ஒன்றை எடுத்துவந்து நீட்டினாள். அதில் அவளுடைய படம் இருந்தது.

"நீங்க இந்த வார்டுதானா, தம்பி?"

டங்கன் தலையாட்டினான்.

"அப்ப உங்க ஓட்டையும் கேட்டுக்கறேன்."