ஐந்து மணிக்குள் ஒரு பாவம்

ஒரு பாவமும் இல்லையாம்.

எட்டு வயது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொல்கிறாள்.

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். வெள்ளைக் கவுனில் இன்னும் ஒரு கை பாக்கி. நாளைக் காலை மகளுக்குப் புதுநன்மை. முதல் தடவையாக நற்கருணை வாங்கப் போகிறாள். அதற்கு முன்னால், இன்று ஐந்து மணிக்குக் கோயிலில் பாவசங்கீர்த்தனம். செய்த பாவங்களை ஃபாதரிடம் போய்ச் சொல்ல வேண்டும்; இவளிடம் சரக்கே இல்லை.

"பொய் சொன்னதே இல்லையா ரோஷ்லின் நீ?"

"சொல்லிருக்கேன். ஜெபத்துக்குக் கூப்பிட வந்த ஆன்ட்டிட்ட, அம்மா குளிக்கான்னு. நீதான சொல்லச் சொன்ன."

அது வேண்டாம்.

மறைக்கல்வி வகுப்பில் கொடுத்த தாளை எடுத்தாள். பெற்றோருக்குக் கீழ்ப்படிந்தேனா? பிறர் பொருளை எடுத்தேனா? பொறாமைப்பட்டேனா? ஒவ்வொன்றுக்கும் மகள் மேலே பார்த்து நன்றாக யோசித்தாள். யோசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

ஏழாவது கேள்வி. யாருடனாவது பேசாமல் இருக்கிறேனா?

"நான் இல்ல," என்றாள் ரோஷ்லின். அந்த 'நான்' கொஞ்சம் அழுத்தமாக வந்தது.

அவள் எட்டாவது கேள்விக்குப் போனாள்.

இரண்டு தெரு தள்ளி ஜெசிந்தா இருக்கிறாள். கூடப்பிறந்த அக்கா. மூன்று வருஷத்துக்கு முன்னால், தன் பெண்ணின் கல்யாணப் பத்திரிகையைத் தங்கைக்குக் கூரியரில் அனுப்பியவள். இரண்டு தெருவுக்குக் கூரியர்! நேரில் வந்து கையில் கொடுத்துக் கூப்பிட வேண்டியவள்.

அந்தக் கல்யாணத்துக்கு அவள் போகவில்லை. அன்றைக்கு நின்றது பேச்சு. கோயிலில் அக்கா முன்னால் உட்கார்ந்தால் அவள் பின்னால் போய்விடுவாள்.

புதுநன்மைக்கு அடித்த அழைப்பிதழில் ஒன்று அலமாரியில் அப்படியே கிடக்கிறது. அனுப்பவும் மனசில்லை. வேறு யாருக்கும் கொடுக்கவும் மனசில்லை.

மணி நான்கு.

"பாவமே இல்லன்னா இயேசு எதுக்குப் பிள்ள செத்தாரு?"

"அவரு என்ன தப்பு செஞ்சாரு?"

"அவரு ஒண்ணுமே செய்யல. நாம செஞ்சத அவரு தன்மேல ஏத்துக்கிட்டாரு. தப்பு நம்மோடது, தண்டனை அவருக்கு. அதாம் பலி. இத எத்தன தடவ சொல்ல?"

"செஞ்சவங்க சும்மா இருந்தாங்களா?"

"சும்மாதான் இருந்தாங்க."

"அதுக்கு அவங்களே போயி…"

"தலையச் சீவ வா!"

இஸ்திரிப் பெட்டி விரலில் பட்டுவிட்டது. சுட்டது. அதையும் மகள் கணக்கில்தான் எழுதினாள்.

கோயிலில் மற்ற பிள்ளைகள் இரண்டே நிமிஷத்தில் எழுந்து வந்தார்கள். ரோஷ்லின் முழங்காலிலேயே கிடந்தாள்.

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். பாவமே இல்லாதவளுக்குப் பத்து நிமிஷம்! பக்கத்துத் தாய்மார்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

மகள் வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னத்தச் சொன்ன இவ்ளோ நேரம்?"

"அக்காவோட மூணு வருஷமாப் பேசலன்னு சொன்னேன். அஞ்சு வயசுலேருந்தான்னு ஃபாதர் கேட்டாரு. ஆமான்னேன்."

அவள் குரல் ஒரேயடியாக உயர்ந்தது.

"பாவசங்கீர்த்தனத்துலயே போயிப் பொய்யா? உருப்படுவியா நீ?"

"பொய் இல்ல. ஒன்னோடத நான் ஏத்துக்கிட்டேன்." ரோஷ்லினுக்கு அம்மாவின் கோபம் விளங்கவேயில்லை. "நீதான சொல்லித் தந்த."

கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். பற்றிக்கொண்டு வந்தது.

பாதி வழியில் மகள் நின்றாள். சிரிப்பு எங்கோ போயிருந்தது.

"ஃபாதர் பரிகாரம் கொடுத்திருக்காரும்மா. இன்னைக்கே அக்காட்ட போயிப் பேசணுமாம். பேசிட்டுத்தான் நாளைக்கு நன்மை வாங்கணுமாம்."

அவள் மகளின் கையை இழுத்தாள். மகள் நகரவில்லை.

"எனக்குத்தான் அக்காவே இல்லையே. எல்லாரும் வாங்குவாங்க, நான் மட்டும் நிக்கணுமா?"

தெரு என்றும் பார்க்காமல் அழத் தொடங்கினாள்.

வீட்டில் வெள்ளைக் கவுன் ஹேங்கரில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதன் எதிரே உட்கார்ந்தாள்.

திரும்பப் போய் ஃபாதரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால், யாருடைய அக்கா என்று கேட்பார். மூன்று 'அருள்நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொல்லியிருக்கக் கூடாதா இந்த மனுஷன்? ஒரு ஜெபமாலை? வருகிற வழியிலேயே சொல்லி முடித்திருக்கலாம்.

மகள் விசும்பிக்கொண்டே இருந்தாள். பொய் அழுகை இல்லை. அது அவளுக்குத் தெரியும்.

எழுந்து அலமாரியைத் திறந்தாள். அழைப்பிதழை எடுத்து, மேலே படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.

ரோஷ்லின் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கை நீட்டினாள்.

"கொண்டா. நான் ஓடிப் போயிப் பெரியம்மா வீட்டு கேட்ல சொருகிட்டு வந்துருதேன்."

"சொருகுவா, சொருகுவா! இதெல்லாம் நேர்ல போயிக் கையிலதான் கொடுக்கணும்!"

கத்தியவள் அப்படியே நின்றாள்.

பிறகு செருப்பைத் தேடினாள்.