காலி செய்த வீடு

ஸ்வான்சியில் கடலைப் பார்த்த அந்த வாடகை வீட்டை ரோட்ரியும் அவன் மனைவி டெலித்தும் முறையாக நோட்டீஸ் கொடுத்துப் போன மாதமே காலி செய்துவிட்டார்கள். ஆனாலும் வீட்டுத் தரகர் பாவன் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை. இருவரும் நேரில் போய்க் கேட்டார்கள்.

"நீங்க இன்னும் காலியே பண்ணலையே" என்றார் அவர். "காலையில போனேன். உங்க வீட்டம்மாதான் கதவைத் திறந்தாங்க. டீ குடிக்கிறீங்களான்னுகூடக் கேட்டாங்க."

"நானா? நான் காலையில வேலைக்குப் போயிட்டேனே" என்றாள் டெலித்.

"வேற யாரு? இதே முகம்தான்."

"டெபாசிட்டை அமுக்குறதுக்கு நல்லாக் கதை விடுறீங்க" என்று ரோட்ரி சீறினான். "வாங்க, போய்ப் பாத்துடலாம்."

மூவரும் போனார்கள். வீடு துடைத்து வைத்தாற்போலக் காலியாகக் கிடந்தது. சமையலறை அடுப்பு மட்டும் சூடாக இருந்தது. பாவன் அதைத் தொட்டுப் பார்த்தார். அதற்குமேல் வாதாடாமல், பணத்தை இன்றே அனுப்பிவிடுவதாகச் சொல்லிக் கிளம்பினார்.

டெலித்துக்கு அந்த வீட்டை விட்டு வர மனமே இருந்ததில்லை. ரோட்ரியின் பிடிவாதத்துக்காகத்தான் வந்திருந்தாள்.

"நீ போய் வண்டியை எடு ரோட்ரி. மாடியை ஒரு தடவை பாத்துட்டு வந்துடுறேன்."

சற்று நேரத்தில் இறங்கி வந்தாள். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, காரில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். வண்டி தெருமுனையைத் தாண்டியதும் மரியாதையாகக் கேட்டாள்.

"நீங்க குடிபோன வீடு இங்கேருந்து ரொம்பத் தூரமா?"