மூன்றாவது மாடிக்கு வந்த பந்து

“இன்னைக்கும் பால்கனியில பந்து விழுந்திருக்கு. குடுத்துட்டு வரேன்” என்றாள் அக்கா, தலை வாரியபடி.

ஒரு மாதமாக அவளுக்கு இதே வேலை. கீழே எங்கள் குடியிருப்பு மைதானத்தில் ஒரு கோச் பாட்மின்டன் சொல்லிக்கொடுக்கிறார். அந்த ஷட்டில் பந்து எங்கள் மூன்றாவது மாடியில் வந்து விழுகிறது. பாவம், போனால் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகிறது. லிஃப்ட் வேறு ரிப்பேர்.

விமான இறக்கைகளைக் காற்றில் வைத்துச் சோதிப்பவன் நான். விடுவேனா? அக்காவிடம் சொல்லாமல் நேற்றே கோச்சைப் பார்த்தேன்.

“சார், பிளாஸ்டிக் பந்துக்கு வேகம் சீக்கிரம் குறையாது, மேல ஏறிடும். நிஜ இறகு வச்ச இறகுப் பந்துன்னா பாதியிலயே வேகம் அடங்கி நேரா கீழ வந்துடும்.”

அவரிடமிருந்த பிளாஸ்டிக் பந்துகளை எல்லாம் வாங்கிக்கொண்டு, ஒரு டப்பா இறகுப் பந்து கொடுத்தேன். எங்கள் பால்கனியை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

அப்படியும் விழுந்திருக்கிறதா?

“காட்டுக்கா, பாக்கலாம்.”

தயங்கி நீட்டினாள். பிளாஸ்டிக் பந்து. புத்தம் புதுசு. ஒரு அடிகூடப் பட்டதில்லை.

நான் அவளைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

நான் வாங்கியதில் அலமாரியில் மிச்சமிருந்த இறகுப் பந்து ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

“இதை எடுத்துட்டுப் போக்கா. கீழ நேத்துலேர்ந்து இதுலதான் ஆடுறாங்க.”