கறுப்பு ஸ்கிரீன்

"போச்சு! மறுபடியும் ஸ்கிரீன் கறுப்பாயிடுச்சு!"

அப்டேட் ஆகும்போதெல்லாம் கணவனின் கம்ப்யூட்டர் இப்படித்தான் படுத்துவிடும். வீட்டு பிளான் வரைகிறவன் அவன். உடனே கஸ்டமர் கேர் பெண்ணுக்கு போன் போடுவான். அப்புறம் ஒரே சிரிப்புதான். சமையலறையில் மனைவிக்கு வயிறு எரியும்.

"ரிப்பேருக்கு எதுக்குங்க இவ்வளவு சிரிப்பு?"

"அவங்க இல்லன்னா என் பொழப்பே நின்னுடும்டி."

"ஏன், அங்க வேற ஆளே கிடையாதா?"

"அவங்களுக்குத்தான் நம்ம மெஷினோட குணம் தெரியும்."

ஸ்கிரீன் சரியாகி அவன் குளிக்கப் போன நேரத்தில் அவள் தன் போனில் தேடிப் பார்த்தாள். ஸ்கிரீனை இயக்கும் பழைய கிராபிக்ஸ் டிரைவர் புரோகிராம் உள்ளேயே கிடக்கும்போது அப்டேட் புதிதாக இன்னொன்றைக் கொண்டுவந்து போடுகிறது. ஒரே ஸ்கிரீனுக்காக இரண்டும் அடித்துக்கொள்கின்றன.

"ரெண்டு பேர் இருந்தா அப்படித்தான்" என்று முணுமுணுத்தபடி, போனில் போட்டிருந்தபடியே கம்ப்யூட்டரிலிருந்து பழையதை அடியோடு நீக்கினாள். அவனிடம் மூச்சுவிடவில்லை.

அடுத்த அப்டேட் வந்தது. கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. ஸ்கிரீன் பளிச்சென்று நின்றது. இனி அவன் போன் போடக் காரணமே இல்லை! கதவோரம் நின்றவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்னங்க, நல்லா ஓடுதா?"

"ம்... ஓடுது." அவன் முகம் ஏனோ தொங்கிப்போயிருந்தது.

சற்று நேரத்தில் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனான். அவள் உள்ளே வந்து, ஸ்கிரீனில் ஒளிர்ந்துகொண்டிருந்த வீட்டு பிளானை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக அவன் குரல் கேட்டது.

"நான்தாங்க... ஆமா, மறுபடியும் கறுப்பாயிடுச்சு."